மெக்சிகோவில் வழி சொன்னவர்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரோம்பேட்டையில் எங்கள் தெருவே மெக்சிகோ போய்விட்டு வந்தது. விசா கேட்கவில்லை. போண்டா, காபி கொடுத்தார்கள்.

எதிர்வீட்டு வரதராஜன், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஏதோ புது மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு வரும்படி கம்பெனி அவரை மெக்சிகோ சிட்டிக்கு அனுப்பியிருந்தது. எங்கள் தெருவுக்கு வெளிநாடு என்றால் துபாய். மிஞ்சிப் போனால் சிங்கப்பூர். மெக்சிகோ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கவே பலர் பிள்ளைகளின் அட்லஸைப் புரட்டினார்கள்.

அவர் திரும்பி வந்ததும் நகர் நலச் சங்கச் செயலாளர் ஜோசப் சார் விடுவாரா? ‘மெக்சிகோ சிட்டி – பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை’ என்று சங்கத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டார். வரதராஜனிடம் ஸ்லைடுகள் இருந்தன. புரொஜெக்டர் வாடகைக்கு வந்தது. அவர் மனைவி கோமதி – என் சிநேகிதி – பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போண்டா மேஜையைக் கவனித்துக்கொண்டாள். ஒரு மாதமாகத் தெரு முழுக்க அவள் வாயில் மெக்சிகோதான்.

தலைமை தணிகாசலம். எங்களுக்கெல்லாம் மனை விற்றவர். மனையாவதற்கு முன்னால் அது ஏரி. இந்த விவரம் எங்களுக்கு முதல் மழையில்தான் தெரிய வந்தது.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒரு பிரம்மாண்டமான பிரமிடு.

“இது சூரியப் பிரமிடு. அவசியம் ஏறிப் பார்க்க வேண்டும்” என்றார் வரதராஜன், செய்தி வாசிக்கிற குரலில்.

“நீங்க ஏறினீங்களா சார்?”

“படிகள் மிகவும் செங்குத்தானவை.”

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லையே என்று அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது. சட்டசபைப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டதோ என்று விட்டுவிட்டேன்.

அடுத்த படம், கால்வாயில் வண்ண வண்ணப் படகுகள். “முட்டுக்காடு மாதிரியே இருக்கு” என்றது ஒரு குரல். பெரிய மைதானம் வந்தது – “தீவுத்திடல்.” மியூசியம் – “நம்ம எழும்பூர்.” மிருகக்காட்சி சாலை வந்தபோது கூட்டமே சேர்ந்து “வண்டலூர்” என்றது. அடுத்தவர் ஊரை நாம் எதற்குப் பார்க்கிறோம்? நம்ம ஊரைவிட அங்கே ஒன்றும் பெரிசாக இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தானே…

பிறகு லேசாகச் சாய்ந்த ஒரு பழைய சர்ச் வந்தது. “இந்த ஊர், ஏரியைத் தூர்த்து அதன் மேல் கட்டப்பட்டது. அதனால் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.”

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னா சார் சொல்றீங்க, ஏரி மேலயா அம்மாம் பெரிய ஊரு கட்டிக்கிறாங்க? பாத்துக்கோங்க. நான் சொன்னா எவன் நம்பறான்? நம்ம ஏரியாவுக்கும் நல்ல எதிர்காலம் கீது.”

யாரும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுச் சுவர் விரிசல் அவரவர் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போண்டா மேஜைப் பக்கமிருந்து கோமதியின் குரல் வந்தது.

“ஏங்க, ஒரு படத்துலகூட நீங்க இல்லையே?”

“நான்தானே எடுத்தேன். நான் எப்படி இருப்பேன்?”

“நம்ம கேமரா பீரோவுலதானே இருந்துச்சு?”

அவள் மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். போட்டிருக்க வேண்டாம்.

வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஹோட்டல் வாசல்ல கடை இருக்கு. ஸ்லைடை செட்டா விக்கறாங்க.”

ஜோசப் சார் எதற்கோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

“ஏன், நீங்க எங்கயும் போகலையா?” என்றாள் கோமதி.

“பயமா இருந்துச்சு கோமதி. பாஷை தெரியாது. காலையில வேன் வரும், ஃபேக்டரி. சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடுவாங்க. கதவைச் சாத்திட்டு டி.வி. பார்ப்பேன். அதுவும் புரியாது.”

“ஒருநாள்கூட வெளிய போகலையா?”

“கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும் போனேன்” என்றவர் மைக்கை விட்டுத் தள்ளி வந்து நின்றார். குரல் மாறியிருந்தது. எங்கள் எதிர்வீட்டு வரதராஜனின் குரல்.

“அங்க பூமிக்கு அடியில ரயில் ஓடுது. படிக்கத் தெரியாதவங்களுக்காக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் போட்டிருக்காங்க. அங்க இருக்கற பெரிய பார்க்குக்கு வெட்டுக்கிளி. சரி, வெட்டுக்கிளி வந்தா இறங்கிடலாம்னு ஏறினேன். வரவே இல்ல. எதிர்ப்பக்கம் போற வண்டில ஏறியிருக்கேன். பதறிப்போய் ஒரு இடத்துல இறங்கினா, ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு கல் மேடை. பழைய கோயிலாம். தோண்டும்போது கிடைச்சதை அப்படியே விட்டுட்டு சுத்தி ஸ்டேஷன் கட்டியிருக்காங்க. ஜனங்க திரும்பிக்கூடப் பார்க்காம போறாங்க. நான் ஷூவைக் கழட்டிட்டுக் கும்பிட்டேன்.”

“எந்த சாமி சார்?”

“தெரியல. ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாப் போதும்னு வேண்டிக்கிட்டேன். அப்ப ரெண்டு கையிலயும் பையோட ஒரு அம்மா வந்து என்கிட்ட ஏதோ கேட்டாங்க. வழி கேக்கறாங்கன்னு மட்டும் புரிஞ்சது. என் மூஞ்சியைப் பார்த்தா அந்த ஊர்க்காரன் மாதிரியே இருக்கு போல. தெரியாதுன்னு சொல்லவும் பாஷை தெரியல. இடது பக்கம் கையைக் காட்டினேன்.”

கூட்டம் சிரித்தது.

“அந்தம்மா என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க. அடுத்து ஒருத்தர் வந்தார். அவருக்கு வலது பக்கம்.”

“அவங்கல்லாம் போய்ச் சேர்ந்தாங்களா?” – ஜோசப் சார் கவலையோடு கேட்டார்.

“தெரியாது சார். அதுக்குள்ள நான் வண்டி ஏறிட்டேன்.”

வெட்டுக்கிளியைக் கண்டுபிடித்துவிட்டாராம். பூங்கா வாசலில் மாங்காயைக் கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவி விற்றார்களாம். கடைக்காரன் என்னென்னவோ கேட்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் கொட்டிக் கொடுத்துவிட்டான்.

“புல்லுல உக்காந்து சாப்பிட்டேன். அப்படியே மெரினா. இத்தனை நாள் ரூமுக்குள்ளயே கிடந்தோமேன்னு நினைச்சேன், அழுகை வந்துருச்சு. பக்கத்துல ஒரு குடும்பம். காரத்துலதான் அழறேன்னு நினைச்சு, ஓடி வந்து தண்ணி கொடுத்தாங்க.”

இந்த இடத்தில் ஒருவரும் “நம்ம ஊர் மாதிரி” என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை கோமதி வந்தாள். “கோபம் போச்சா?” என்றேன்.

“போகல. அங்கேருந்து போன் பண்ணும்போதெல்லாம் பிரமாதமா இருக்குன்னார். நான் இங்க பொறாமையில வெந்துகிட்டிருந்தேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா… போனுலயே தைரியம் சொல்லி வெளிய துரத்தியிருப்பேன்ல?” பிறகு சிரித்துவிட்டாள். “குரோம்பேட்டையில யாராவது வழி கேட்டா மட்டும் ‘எனக்குத் தெரியாதுங்க’ன்னு ஒதுங்கிப் போவார்.”

ஆக, மெக்சிகோ சிட்டி போகிறவர்களே… அங்கே பார்க்க வேண்டியவை ஏராளம். ஆனால் எல்லாமே ஹோட்டல் கதவுக்கு வெளியேதான் இருக்கின்றன.