முழங்கால் டான்ஸ்

துறைமுகத்தடி மீன்வாடியில் என்னைவிட வேகமாக ஐஸ்பெட்டி தூக்க ஆளில்லை. சரி, பொய், வேகமாகக் கீழே போட்டவன்தான் நான். ஒருநாள் பெட்டி என் முழங்காலிலேயே விழுந்தது. சொன்னால் வேலை போய்விடுமென்ற பயத்தில், நொண்டுவதை மறைக்க ஆடி ஆடி நடந்தேன். வாடியே சிரித்தது. முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

“நேற்றும் இந்தக் காலைத் தூக்கித்தானே ஆடினனீ. நோகுதோ தம்பி?”

“இல்லை முதலாளி, புது டான்ஸ்.”

“ஏறு லொறியில. என்ர வேலையில பட்ட காயத்தை நான் பார்க்காமல் ஆர் பார்க்கிறது?”

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி முடியும்வரை முதலாளி வெளியே மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தராசடியில் கதிரை போட்டு என்னை உட்காரவைத்து, “இனி நிறுவை உன்ர பொறுப்பு” என்றார். சம்பளத்திலும் கை வைக்கவில்லை. முதல்நாள் அந்தக் கதிரையில் நான் இருந்த கோலத்தை...

“அண்ணை, கதை போதும்! பாரை மீன் வந்திட்டுது, நிறுக்க வாங்கோ!”