வாசலில் மாட்டிக்கொண்ட கிராஷ் கார்டு

இன்று பைக்குக்கு கிராஷ் கார்டு, அதாவது இன்ஜினுக்குக் காவல் கம்பி, மாட்டினேன்.

கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்று இன்ஜினை ஒட்டியே இருந்தது. இன்னொன்று இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது.

"பெருசையே எடுத்துக்கோங்க சார். வண்டி சாஞ்சாலும் ஒரு கீறல் விழாது."

எடுத்தேன். காவிரிப் பாலத்தில் எல்லோரும் என் வண்டியையே பார்ப்பதுபோல் இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசற்கதவு வழியாகத்தான் வண்டியை ரேழியில் ஏற்ற வேண்டும். முன்சக்கரம் நுழைந்தது. கம்பி கதவு நிலையில் இடித்து, முதல் கீறல் அங்கேயே விழுந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள்.

"கதவை அளந்துட்டுப் போகலையா? கொத்தனாரைக் கூப்பிட்டு நிலையைப் பேர்க்கறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. கம்பியைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

நல்ல கொத்தனார் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். கமெண்டில் வேண்டாம், அவள் அதைத்தான் முதலில் படிப்பாள்.