ரத்தத்துக்குள் ஒரு ஜாகா

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி பிடிப்பது சுலபம், ஆள் பிடிப்பதுதான் பாடு. வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிள்ளைகள் ஆளுக்கொரு வேலைக்குப் போன பிறகு எனக்கு இந்த வேலை அமைந்தது, கடவுள் புண்ணியம். நோயை எதிர்க்கிற ஒரு புரதம் எந்த வயதில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று டாக்டர் பெண் கவிதா அளக்கிறாள். ஆள் சேர்ப்பது நான். எழுபது தாண்டியவர்களில் கடைசியாக இன்னும் ஓர் ஆள் அகப்படவே இல்லை. அந்த இடம் நிறையாமல் அவள் ஆராய்ச்சியை முடிக்க முடியாது.

காவல் வேலை

தங்கா பத்து ஊரில் ஓர் அக்கா, "புரதம்னா முட்டையில இருக்குமே, அதுவா?" என்று கேட்டார். எனக்குப் படிப்பு கொஞ்சம்தான். "இது ரத்தத்துல நிக்கிற ஜாகா அக்கா. கிருமி உள்ள வந்தா காட்டிக் குடுக்கும். வயசானா கூடுதா குறையுதான்னு பாக்குறாங்க" என்றேன்.

அவர் கணவரும் பேக்டரியில் காவலுக்கு நிற்கிற ஜாகாதான். அந்நேரம் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்: "எடுத்துப் பாருங்க லா. என்னோட ஜாகாவாவது முழிச்சிருக்கானான்னு தெரியட்டும்."

எந்த வயசு?

மஸ்ஜித் தானாவில் லோரி ஓட்டி ஓய்ந்த மாணிக்கம் அண்ணனைப் பார்த்ததுமே முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டேன். ஐ.சி. அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் அறுபத்தெட்டு. "அது பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப குறைச்சுப் பதிஞ்சது. ரப்பர் தோட்டத்துல யாரு பொறந்த உடனே போய்ப் பதிஞ்சா? எனக்கு எழுபத்தொண்ணு" என்றார்.

கவிதாவுக்குப் போன் போட்டேன். ஐ.சி. வயதைத்தான் எடுக்க முடியுமாம். அறுபதுகளிலோ ஆள் நிறைந்துவிட்டது. அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்: "பொண்ணு பாக்கப் போனப்ப வயசு கூடிப்போச்சுன்னாங்க. ரத்தம் குடுக்க வந்தா வயசு பத்தலையா?"

முதல்ல நீ

கடைசி நாள் சுங்கை ஊடாங்கில். முத்தையா தாத்தாவுக்கு ஐ.சி.யிலேயே எழுபத்தாறு. வந்து உட்கார்ந்தவர் ஊசியைக் கண்டதும் எழுந்துவிட்டார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் தாத்தா" என்றேன், எல்லாரிடமும் சொல்வதுபோல.

"உன்னைக் கடிச்சிருக்கா?"

ஐம்பதுகளில் பாக்கி இருந்த ஓர் இடம் எனக்குத்தான். ஊசிக்குப் பயந்து, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். தாத்தா வாசல்வரை போய்விட்டார். அவரை விட்டால் கவிதாவுக்கு வேறு ஆள் இல்லை.

"தாத்தா, நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ரத்தம் எடுக்கிற நர்ஸ் மிஸ்ஸியிடம் கையைக் கொடுத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். பார்த்தால் தாத்தா, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்கிறார்: "பஞ்சு வச்சு ஒட்டியும் ஆச்சும்மா. முருகனை விட்டுட்டு எந்திரி, இனி என் முறை."

எறும்பு கடித்த மாதிரிதான் என்று இப்போதும் எல்லாரிடமும் சொல்கிறேன், எந்த எறும்பு என்று மட்டும் சொல்வதில்லை.