பறந்துபோன தென்பக்கக் கூரை

கூரை மேய்கிறவனுக்குப் புயல் எதிரியில்லை. எல்லார் வீட்டையும் ஒன்றுபோலப் பிய்த்துப்போட்டு எல்லாரையும் நம்மிடம் அனுப்பிவைக்கிற புண்ணியவான் அது. நமக்கு எதிரி, பக்கத்து வீட்டில் அசையாமல் நிற்கிற பழைய கூரைதான். இந்தத் தொழிலில் ஏச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கதவைத் திறந்தார்கள்

தில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டம் கட்டப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருஷம். தூத்துக்குடிப் பக்கம் கரையேறிய ஐப்பசிப் புயல் இரவெல்லாம் எங்கள் ஊர் முக்கூடலை உலுக்கிவிட்டு விடியும்போது தணிந்தது. கரையேறிவிட்டால் புயலுக்கு அவ்வளவுதான் ஆயுசு என்று நினைத்தோம். அதன் மழைக்குள்ளேயே தனியாக ஒரு சுழிக்காற்று கிளம்பும் என்று யார் கண்டது? மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அடுப்பங்கரையில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். யானைத் தும்பிக்கை மாதிரி கறுப்பாக இறங்கிய காற்று தெருவைக் குறுக்கே கடந்தது. வீட்டின் தென்பக்கக் கூரை கைமரமும் வரிச்சுக் கம்பும் ஓலையுமாக மேலே போய்விட்டது. அடுப்பங்கரை வடபக்கம். பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கை தானாகக் கும்பிடுகிறது.

அந்தக் கூரையை மேய்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. மேய்ந்தவன் நான். ஓடிப்போய் நின்றேன். வாத்தியார் மனைவி பக்கத்து வீட்டைக் கைகாட்டினார்: "அது கெழட்டுக் கூரை அண்ணாச்சி. ஒரு ஓலை அசையலை. எங்கது மட்டும் ஏன் போச்சு? கட்டு ஒழுங்காப் போட்டீரா, இல்லையா?"

கடைக்காரர் கேட்டது

பிறகு கேட்க வேண்டுமா! பேசிவைத்திருந்த வேலையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. கூரையை இழந்தவர்கள்கூட, களக்காட்டிலிருந்து வேறு ஆள் வரட்டும் என்று நனைந்துகொண்டே காத்திருந்தார்கள். மழைக்காலம் இப்படியே போனால் என் வீட்டில் உலை வைப்பது எப்படி? கடைசியாகக் கையில் மிஞ்சியிருந்தது பலசரக்குக் கடைக்காரர் வீட்டு வேலை. அவரிடம் போய், சுழிக்காற்று தொட்ட இடம்தான் போகும், தொடாத இடம் நிற்கும் என்று மன்றாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பினார். "நீரு சொல்லுதது சரியாவே இருக்கட்டும்வே. அந்தக் காத்துக்கு உம்ம கூரை எதுன்னு அடையாளம் தெரியுதே, அதுக்கு என்ன செய்ய?"

வாழைத்தோட்டத்தில்

ஒரு காலையில் வாத்தியார் வந்து, முகத்தைப் பார்க்காமல், "எங்கூட வாரும்" என்றார். ஆற்றங்கரை வாழைத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கூலிவேலை செய்கிற ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் குடிசைக் கூரையைப் புயல் முதல்நாள் இரவே கொண்டுபோய்விட்டது. வெறும் மண்சுவர்தான் மிச்சம். அந்தச் சுவர்மேல் ஒரு ஓரமும், சாய்ந்த வாழைகள்மேல் மறு ஓரமுமாக, நான் மேய்ந்த கூரை உட்கார்ந்திருந்தது! அது வந்து விழுந்தபோது அவர்கள் வரப்பில் நின்றிருக்கிறார்கள். கொஞ்சம் முன்பின்னாக ஆகியிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

குனிந்து உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். பனைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகுவது என் கை வழக்கம். ஒரு கட்டும் அவிழவில்லை. என்னை இன்னாரென்று அறியாத அந்தக் குடும்பத்துப் பெண், "அன்னைக்கிலேருந்து பிள்ளைகளோட இதுக்குள்ளதான் படுக்கோம். ஒரு சொட்டு ஒழுகலை. கட்டினவரு நல்லா இருக்கணும்" என்றாள். வாத்தியார் கூரையைத் தடவிப் பார்த்தார். "இது இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. சாஞ்ச பக்கம் நல்லதா ஒரு முட்டுக் குடும். பொறவு எங்க வீட்டுக்கு வாரும். இதே கட்டுப் போடும்."

அதன்பிறகு நான் மேய்ந்த கூரை எத்தனையோ அசையாமல் நின்றன. ஆனால் எனக்கு நற்சாட்சி சொன்னது என்னவோ பறந்துபோன அந்த ஒன்றுதான்.