கிணற்றில் இறக்கிய கார் இருக்கை

எங்கள் வீட்டில் அத்தானைப் பற்றி ஒரு கேலி நெடுநாளாக இருந்தது. அக்காவின் கணவரான அவர் வெளிநாட்டுக் கடலில், எண்ணெய் எடுக்கும் ரிக்கில் வேலை பார்த்தார். அப்போது ஒருமுறை, தொடர்ந்து சில நாட்கள் அவரிடமிருந்து அழைப்பே வரவில்லை. பிறகு வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார். தன் போன் கடலில் விழுந்துவிட்டது என்றார். அக்கா திட்டித் தீர்த்தாள். அன்று முதல் வீட்டில் சாவி தொலைந்தாலும் கத்தரிக்கோல் தொலைந்தாலும், "அத்தான் கடல்ல போட்டிருப்பாவ" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த வேலை மிதக்கும் காற்றாலைகளைப் பற்றியது. குருவிகுளம் பக்கம் மானாவாரிக் காடுகளில் நிற்கும் காத்தாடிகளைப் போன்றவைதான் இவையும். ஆனால் இவற்றுக்கு அடியில் நிலம் இல்லை. ஆழ்கடலில் பெரிய இரும்பு மிதவையின் மேல் கோபுரம் நிற்கும். அந்த மிதவை அலைந்து போகாமல் சங்கிலிகளும் நங்கூரங்களும் பிடித்துக்கொள்ளும். ரிக்கில் அத்தான் செய்துவந்ததும் இந்தச் சங்கிலி வேலையே. எந்தக் காற்றுக்குச் சங்கிலி எவ்வளவு இறுக வேண்டும், எப்போது தளர வேண்டும் என்பதை அவர் பல ஆண்டுகள் பார்த்தவர்.

எங்கள் பக்கத்துக்குக் காத்தாடி வந்த காலத்தில் நிலம் கொடுத்தவர்கள் சிலருக்குக் காவலாளி வேலைதான் வாய்த்தது. கடலிலும் அப்படி ஆகிவிடக் கூடாது, எண்ணெயை நம்பிப் பிழைத்தவர்கள் எண்ணெய் குறையும் காலத்தில் தெருவில் நிற்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்பினேன். ரிக்கில் வேலை பார்த்தவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அத்தானுக்கு அப்போது வேலை இல்லை. ரிக் ஒப்பந்தம் முடிந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டும் கூட்டாளியின் கடையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். தூத்துக்குடியில் எங்கள் சோதனை மிதவைக்கு ஆள் எடுத்தார்கள். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்றதும் அக்காவின் முகத்தில் வந்த தெளிச்சியை நான் மறக்கவில்லை.

ஒரே ஒரு தடை இருந்தது. படகிலோ ஹெலிகாப்டரிலோ கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் உயிர்காப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் பெல்ட் மாட்டி உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டும். அத்தானின் பழைய சான்று காலாவதியாகியிருந்தது. பயிற்சிக்கு நாள் குறிக்கும்போதெல்லாம் ஒரு கல்யாணம் வந்தது, அல்லது காய்ச்சல் வந்தது, அல்லது கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது.

"ஏட்டி, அவுக பயப்படுதாவ போல. வயசாயிட்டுல்லா," என்று அக்கா அவர் காதில் விழும்படியே சொன்னாள்.

"பயமா? கரிவலத்துக் கிணத்துல மேட்டுல இருந்து குதிச்சவன் நான்," என்றார் அத்தான்.

அந்தப் பேச்சிலிருந்துதான் எனக்கு யோசனை பிறந்தது. வறண்ட நாட்டுக்காரர்களான எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணறுதான். அதற்குள் பழகிவிட்டால் எந்தத் தண்ணீரிலும் சமாளிக்கலாம் என்று இங்கே எல்லோருக்கும் எண்ணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கரிவலம்வந்தநல்லூரில் அத்தானின் கூட்டாளிக்குத் தோட்டம் உண்டு. அந்தத் தோட்டத்துக் கிணற்றில், மோட்டாரைத் தூக்கிப் பழுது பார்ப்பதற்காக மூன்று இரும்புக் குழாய்களை நட்டு நடுவில் செயின் பிளாக் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய கார் ஒன்றின் முன் இருக்கையைப் பெல்ட்டோடு காயலான் கடையில் வாங்கி, இரும்புச் சட்டத்தில் கட்டி, அந்தச் சங்கிலியில் மாட்டினோம். பின்னாலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் இருக்கை கவிழும். தண்ணீருக்குள் நிற்க நன்றாக நீந்தத் தெரிந்த இருவர் வந்தார்கள். பெல்ட் சிக்கினால் அறுப்பதற்குக் கத்தியோடு நான் படியில் நின்றேன். குளத்துக்குப் போகும் முன் நம்பிக்கை வரட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இல்லை.

இறக்குவதற்கு முன் அத்தான் எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொன்னார். ரிக்கில் அது கட்டாயமாம். பளு தூக்கும் எந்த வேலைக்கு முன்பும், எது தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொருவரும் தன் வாயால் ஒன்று சொல்ல வேண்டும். மேஸ்திரி முதல் சமையல்காரர் வரை ஒருவரும் விட்டுப்போகக் கூடாது.

"கயிறு அறும்," என்றார் தண்ணீரில் இறங்கப் போகிறவர்களில் ஒருவர்.

"உள்ள தண்ணிப்பாம்பு கெடக்கு," என்றார் மற்றவர்.

"அண்ணாச்சி வெயிட்டுக்கு என் செயின் பிளாக்கு தாங்காது. மோட்டாரே இத்தன கனம் இல்ல," என்றார் கூட்டாளி.

பெல்ட் சிக்கலாம் என்று நான் சொன்னேன். கடைசியாக எல்லோரும் அத்தானைப் பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இறக்குங்கவே," என்றார்.

முதலில் கூட்டாளி உட்கார்ந்தார். கவிழ்ந்து, குமிழி விட்டு, வெளியே வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே, "இதுக்கா இத்தன நாளு கல்யாணம், காய்ச்சல்னு சாக்கு சொன்னீரு?" என்றார். பம்ப்செட் அறையின் வாசலில் நின்ற அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்து அத்தான் உட்கார்ந்தார். பெல்ட்டைத் தானே மாட்டி இழுத்துப் பார்த்தார். சங்கிலி கடகடவென்று இறங்கியது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. மார்புக்கு வந்தபோது அவருடைய வலது கை பெல்ட்டின் பித்தான் மேல் போய் நின்றது. நான் கயிற்றை இழுக்கச் சொல்லவில்லை. இருக்கை இன்னும் கவிழவே இல்லை. அவர் இடப்பக்கம் திரும்பி, யாரும் இல்லாத தண்ணீரைப் பார்த்து, மிகவும் தணிந்த குரலில் பேசினார்.

"இன்னும் ரெண்டு பேரு உள்ள இருக்காவ."

படியில் நின்ற எனக்கு அது தெளிவாகக் கேட்டது. தண்ணீரில் நின்றவர் விளையாட்டு என்று நினைத்து, "எங்கன அண்ணாச்சி? பாம்பா?" என்றார். அத்தான் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். முகத்தில் அசைவே இல்லை. இமைகூட மூடவில்லை. தூக்கச் சொல்லி நான் கையை உயர்த்தினேன்.

மேலே வந்த பிறகும் அவரால் பெல்ட்டைக் கழற்ற முடியவில்லை. கை பித்தானின் மேலேயே இருந்தது. அழுத்தும் வலு விரலுக்கு இல்லை. நான் கத்தியால் பெல்ட்டை அறுத்தேன். அவரைத் தூக்கி நிறுத்தியபோது அவருடைய உடல் முழுவதும் மரக்கட்டையாய் விறைத்திருந்தது. உச்சி வெயிலில் அவர் பற்கள் அடித்துக்கொண்டன.

பம்ப்செட் அறையின் நிழலில் அவர் சொன்னது மிகக் கொஞ்சம். ரிக்குக்குப் போகும் வழியில் ஹெலிகாப்டர் கடலில் இறங்கிக் கவிழ்ந்திருக்கிறது. அவர் ஜன்னலோரம் இருந்தார். பெல்ட்டைக் கழற்றி வெளியே வந்துவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் வரவில்லை. மீட்புப் படகில் ஏறியதிலிருந்து, இன்னும் ரெண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"அதுக்கப்பறம் படகுல போற ரிக்கா பாத்து மாறிக்கிட்டேன்," என்றார். கரைக்குப் பக்கத்து ரிக்குக்கு, குறைந்த சம்பளத்துக்கு அவர் மாறியதை நாங்கள் அறிவோம். பிழைக்கத் தெரியாதவர் என்று பேசியும் இருக்கிறோம்.

அக்கா அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "போனு கடல்ல விழுந்துட்டுன்னு சொன்னீயளே, அதுவா?" என்று கேட்டாள்.

"போனும் விழுந்துட்டு," என்றார் அவர்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது. இத்தனை ஆண்டுகளாக அவர் முன்னால் நாங்கள் சொல்லிச் சிரித்த ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. அவரும் சிரித்தாரே, அது எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அந்த ரெண்டு பேரு வீட்டுக்குப் பேசுனீயளா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

"பேசணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அக்கா துண்டால் அவர் தலையைத் துவட்டத் தொடங்கினாள். வேலைக்காக அத்தனை நாள் அவரை விரட்டியவள், அதன்பின் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திரும்பும் வழியில் அத்தானே என்னிடம் சொன்னார்: "ஏ பிள்ள, கடலுக்கு நான் வரலன்னு சொல்லிரு. கரையில இருந்து சங்கிலியப் பாக்குற வேலை இருந்தா சொல்லு. இல்லன்னா விட்டுரு."

அப்படி ஒரு வேலை எங்கள் திட்டத்தில் இல்லை. ரிக்கில் உழைத்தவர்களின் திறமையைக் காற்றாலைக்குக் கொண்டுவருவது பற்றி நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்தத் திறமையோடு அவர்கள் வேறு எதைச் சுமந்து வருவார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பயிற்சியிலிருந்து அத்தானுக்கு விலக்கு வாங்கித் தர என்னால் முடிந்திருக்கலாம். ஆனால் படகு கவிழும் நாளில் அந்த விலக்கு அவரை மட்டுமல்ல, அவரோடு போகிறவர்களையும் கொன்றுவிடும். எனவே அவர் பெயரைச் சொல்லாமல், நடந்ததை என் மேலதிகாரியிடம் சொன்னேன். மிதவையின் சங்கிலிகளில் பொருத்திய கருவிகள் காட்டும் இழுவிசையைக் கரையிலிருந்து கவனிக்க, சங்கிலியை அறிந்த ஒருவர் வேண்டும் என்று வாதாடினேன். பல வாரம் இழுத்தடித்து ஒப்புக்கொண்டார்கள்.

அதற்குள், நான் முன்பே பேசி முடித்திருந்த ரிக் தொழிலாளர்களை மறுபடி ஒவ்வொருவராக அழைத்தேன். கடலில் ஏதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்று சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "இத ஏன் இப்பம் கேக்கீய?" என்றார்.

அத்தான் இப்போது தூத்துக்குடியில் திரையின் முன் அமர்ந்து சங்கிலிகளைக் கவனிக்கிறார். மிதவைக்குப் படகு கிளம்பும் முன் துறைக்கு இறங்கிப் போய், எல்லோரையும் வட்டமாக நிறுத்துகிறார். எது தப்பாகப் போகலாம் என்று முதலில் சொல்லும் முறை அவருடையதாம். கவிழ்ந்தால் உள்ளே ஆள் மாட்டிக்கொள்ளலாம் என்று, மற்றவர்களுக்கு முன்பு அவர் சொல்லிவிடுகிறார்.

சென்ற வாரம் அக்கா அழைத்தாள்.

"ஏட்டி, அவுக போன எடுக்கல."

"படகு இன்னும் திரும்பியிருக்காதுக்கா. அது வாரது வரைக்கும் எடுக்க மாட்டாவ."

"சரி," என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.