கேட்டதற்கு மேல் பேசிய பெடல்

பீ-யுன்னுக்கு வாய் நீளம். சீலோ ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மணி என்ன என்று கேட்டால், கடிகாரம் வாங்கிய கடை, அந்தக் கடைக்காரனுக்கும் அவன் மாமியாருக்கும் நடந்த சண்டை எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத்தான் மணிக்கு வருவாள். அதற்குள் மணியே மாறியிருக்கும்.

வாய்க்குச் சமமாக மூளையும் இருந்தது. வடக்கே தாவ்யுவானில் ஒரு கம்பெனியில், கீபோர்டுக்கும் மவுசுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கும் சிப்புகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை பார்த்தாள். நல்ல சம்பளம், குளுகுளு அறை. அத்தனையையும் விட்டுவிட்டுப் பொம்மலாட்டக்காரன் ஆ-துன்னைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பி, சின்னதாக ஒரு ரிப்பேர் கடை போட்டாள். பைத்தியமா உனக்கு என்று கேட்டவர்களிடம், "அவனுக்கு ரெண்டு கையும் எப்பவும் பொம்மைக்குள்ள இருக்கு. என்னை அடிக்க அவனுக்குக் கை ஏது?" என்றாள்.

அந்தக் கை விஷயத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. வலது கையில் வீரன், இடது கையில் வில்லன் என்று மாட்டிக்கொண்டு நிற்பவன் தாளத்தை எப்படித் தட்டுவான்? இடி, குதிரைக் குளம்பு, கண்டாமணி, பெண் அழும் குரல் எல்லாம் லேப்டாப்பில் இருந்தன. அதை அழுத்தக் கை வேண்டுமே. பீ-யுன் ஒரு பலகையில் வரிசையாகப் பெடல்களைப் பொருத்தி, உள்ளே ஒரு சிப்பை வைத்து, வயரை லேப்டாப்பில் செருகிக் கொடுத்தாள். கை சண்டை போடும், கால் இடி இடிக்கும். ஆ-துன் ஒரு மிதி மிதித்தால் முன்வரிசைக் குழந்தைகள் அம்மா மடியில் ஏறிவிடும்.

அவன் அண்ணன் கிம்-செங்குக்கு அது பொறுக்கவில்லை. அவனும் பொம்மலாட்டக்காரன்தான், தனியாகப் பிரிந்து போனவன். லாரி மேடை முழுக்க மின்னும் விளக்குத் திரை, புகை மெஷின் என்று இறக்கிவிட்டு, "என் தம்பி காலால நாடகம் போடுறான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அலுத்துப்போன கோயில் தலைவர் லியாவ், அந்த வருடம் கடல் தெய்வமான மாட்சூ தாயின் பிறந்தநாளுக்கு ஒரு முடிவு கட்டினார். முற்றத்தில் இரண்டு மேடையும் எதிரெதிரே நிற்கட்டும். ஒரே நேரத்தில் ஆடட்டும். தாயின் பல்லக்கு ஊரைச் சுற்றித் திரும்பும்போது எந்த மேடை முன்னால் கூட்டம் இருக்கிறதோ, இனி வருடா வருடம் முற்றம் அவர்களுக்கு. அந்த மேடைத் தூணில் தன் கையால் சிவப்புத் துணி கட்டுவார். தோற்றவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். மாட்சூ கோயில் கைவிட்டவனைச் சுற்றுப்பட்டுக் கோயில் எதுவும் கூப்பிடாது. தோற்றால் காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் கூடை தூக்க வேண்டியதுதான் என்று ஆ-துன்னுக்குத் தெரியும்.

அன்று காலை மேடைக்குப் பின்னால் பெடல் வயரோடு வந்த பீ-யுன் அப்படியே நின்றாள்.

"ஆ-துன், லேப்டாப் எங்க?"

"இதோ இருக்கே."

"இது நம்மளது இல்லையே."

"அது லாரியில இருந்து விழுந்துடுச்சு. இதை வித்த கடைக்காரன் சத்தம் எல்லாத்தையும் இதுல ஏத்திக் குடுத்துட்டான். இதுவும் கம்ப்யூட்டர்தானே?"

"எப்ப விழுந்துச்சு?"

"முந்தாநாள்."

"முந்தாநாள் விழுந்ததை இப்ப சொல்றியே, உனக்கு மண்டையில என்ன இருக்கு, முட்டைக்கோஸா?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னியில இருந்து பேசியிருப்பே. அதான் சொல்லல."

வயரைச் செருகினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. பிடுங்கி மறுபடி செருகினாள். பக்கத்து ஓட்டையில் செருகினாள். செத்த எலி மாதிரி கிடந்தது பெடல். ஆ-துன் பையிலிருந்து பச்சைப் பொட்டலம் ஒன்றை எடுத்து லேப்டாப் மேல் பயபக்தியோடு வைத்தான். மெஷின் அடங்கி நடக்கட்டும் என்று அந்த ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரி முதல் பேங்க் வரை எல்லாரும் வைக்கும் தேங்காய்ப்பொரிப் பாக்கெட்.

"அதைப் பிரிச்சு நீ தின்னு. வாயாவது சும்மா இருக்கும்" என்றாள் பீ-யுன்.

வயரைச் செருகியதும் என்ன நடக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. கோயிலில் தாயின் முன் நிற்பவர்கள் என்ன செய்வார்கள்? பெயர், பிறந்த நாள், வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிவிட்டுத்தானே வேண்டுதலுக்கு வருவார்கள். செருகுகிற சாமானும் அப்படித்தான். கம்ப்யூட்டர் முதலில் நீ யார் என்று கேட்கும். பெயரைச் சொன்னதும் விலாசம் ஒன்றை அதுவே கொடுக்கும். எந்த வகையறா என்று கேட்கும். பெடல், "நான் கீபோர்டு வகையறா" என்று சொல்லும்படி பீ-யுன் எழுதியிருந்தாள். ஏனென்றால் கீபோர்டு பாஷை தெரிந்த, டிரைவர் என்ற சின்னப் புரோகிராம் எல்லாக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஏற்கெனவே குடியிருக்கிறது, புதிதாக ஒன்றைக் கூட்டிவர வேண்டாம். அந்த டிரைவர் வந்து உட்கார்ந்ததும், "யாராவது மிதிச்சாங்களா? இப்ப? இப்ப?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மிதித்திருந்தால் பெடல் சொல்லும். கேட்காமல் வாயே திறக்கக் கூடாது. மாமியார் வீட்டைவிடக் கண்டிப்பு.

இங்கே முதல் கேள்வியிலேயே பேச்சு அறுந்திருந்தது. டிரைவர் வரவே இல்லை.

அதற்குள் முரசு அடித்துவிட்டார்கள். எதிர் மேடையில் புகை கிளம்பியது, விளக்குத் திரையில் டிராகன் புரண்டது.

"நீயே பட்டனை அழுத்து! நான் கையை உள்ள விட்டுட்டேன்!" என்று கத்தினான் ஆ-துன்.

பீ-யுன் லேப்டாப் முன் குந்தினாள். அவன் ஆட்டம் எழுதிவைத்து ஆடுவதில்லை. கூட்டத்தைப் பார்த்து அந்த நேரத்தில் தோன்றுவதுதான். அவன் காலுக்கு மட்டும்தான் அவன் கை என்ன செய்யப்போகிறது என்று தெரியும். வீரன் வாளை வீசினான், பெண் அழும் குரல் கேட்டது. வில்லன் செத்து விழுந்தான், குதிரை ஓடியது. இளவரசி அப்பாவின் சமாதியில் தலை சாய்த்தாள், வானம் இடிந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாக்குக்கடை ஆ-லோ வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுக் கூவினாள்.

"ஏண்டி பீ-யுன், செத்தது அப்பனா, குதிரையா?"

சிரித்து முடித்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பிப் போட ஆரம்பித்தார்கள். கிம்-செங் மைக்கைப் பிடித்தான். "வாங்க, வாங்க! இங்க குதிரை குதிரை மாதிரியே ஓடும்!"

பீ-யுன் ஒரு கை பட்டனில் இருக்க, மறு கையால் லேப்டாப் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் பக்கத்தைத் திறந்தாள். மெஷின்கள் பொய் சொல்லாது, கேட்டால் சொல்லிவிடும். பெடல் செருகப்பட்ட இடத்தில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது. கேட்ட அளவுக்கு மேல் பேச்சு வந்தது, துண்டித்தேன். மறுபடி கேட்டேன், மறுபடி அதே.

சட்டென்று புரிந்தது. பழைய லேப்டாப், உன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல் என்று தாராளமாகக் கேட்கும். இந்தப் புதியது வேறு சிஸ்டம். முதலில் எட்டே எட்டு எழுத்து மட்டும் சொல், மிச்சத்தை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்று அளந்து கேட்கிறது. பெடலோ எட்டு கேட்டாலும் தன் முழு ஜாதகத்தையும் கொட்டுகிறது. கேட்ட அளவே சொல் என்று சிப்பில் எழுத வேண்டிய ஒரு வரியைப் பீ-யுன் எழுதவே இல்லை. அந்தத் தொழிலில் இதற்குப் பெயரே உளறல்தான்.

"ஆ-துன்! தப்பு என்னோடதுதான்! பெடல் உளறுது!"

"பெத்தவ யாரு!" என்று திரைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நான் நம்ம கடைக்குப் போய் சிப்பை மாத்தி எழுதிட்டு வரேன். அதுவரைக்கும் வாயால சமாளி!"

"உன் கம்ப்யூட்டரை இங்க தூக்கிட்டு வாயேன்!"

"அது அலமாரி சைஸு! வயரைப் பிடுங்குறதுக்குள்ள சாமி வீட்டுக்குப் போய்டும்!"

பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்கப் பட்டாசுப் புகை, ஊதுபத்தி, சிப்பி ஆம்லெட் வாசம். பல்லக்கின் தாரை ஓசை சந்தைப் பக்கமிருந்து கேட்டது. நெருங்கிவிட்டது. கடைக் கதவைப் பாதி தூக்கி, குனிந்து நுழைந்தாள். மூடியைக் கழற்றி, சிப்பின் கால்களில் கிளிப்பை மாட்டினாள். கேட்ட அளவு, இருக்கிற அளவு, இரண்டில் எது சின்னதோ அதை மட்டும் அனுப்பு. அவ்வளவுதான், ஒரே வரி. அவசரத்தில் ஒருமுறை தப்பாக அடித்தாள். திருத்தினாள். சிப்பில் ஏற்றினாள். மூடியைத் திருகக்கூட நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது முன்வரிசையில் நாலைந்து கிழவர்களும் குழந்தைகளும்தான் மிச்சம். ஆ-துன் தொண்டை கட்டிப்போய், "டும், டும், டடாங்" என்று வாயாலேயே போரை நடத்திக்கொண்டிருந்தான். வாயால் அடித்தாலும் பழக்கதோஷத்தில் வெறும் மேடைப் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தான்.

பீ-யுன் மண்டியிட்டு ஊர்ந்து, பெடலை அவன் காலடியில் தள்ளி, வயரைச் செருகினாள். லேப்டாப் திரையைப் பார்த்தாள். நீ யார்? எட்டு எழுத்து. சரி. விலாசம் கொடுத்தது. முழுசா சொல்லு. சொன்னது. கீபோர்டு வகையறாவா? ஆமாம். டிரைவர் வந்து உட்கார்ந்தது. டிங்!

அவனுக்கு அது கேட்கவில்லை. "டடாங்" என்று கத்தியபடி ஓங்கி ஒரு மிதி மிதித்தான்.

வானமே பிளந்த மாதிரி இடித்தது. பயத்தில் வில்லனைக் கைநழுவ விட்டான் ஆ-துன். வில்லன் மேடைக்கு வெளியே பறந்து ஒரு கிழவர் மடியில் விழுந்தான். கூட்டம் "ஓ" என்றது. ஆ-துன் காலை ஒருமுறை பார்த்தான், மனைவியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஒற்றைக் கையில் வீரன் சுழன்றான், குதித்தான், தரையைப் பிளந்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் மணி, ஒவ்வொரு தாவலுக்கும் குளம்பு, மயிரிழை பிசகவில்லை. மடியில் விழுந்த வில்லனைக் கிழவர் தூக்கிப் பிடித்து ஆட்ட, வீரன் குனிந்து அவரோடேயே சண்டை போட்டான். கிழவர் செத்து விழுந்து காட்டினார்.

"நாற்காலியைத் திருப்புங்கடா!" என்று கத்திக்கொண்டு முதலில் ஓடி வந்தவள் ஆ-லோ. பின்னால் வந்த கூட்டத்தில் கிம்-செங்கின் புகை மெஷின் போடுகிறவனும் இருந்தான்.

தாரை முழங்கப் பல்லக்கு முற்றத்துக்குள் நுழைந்தது. ஆ-துன் மிதித்த இடிக்கு ஏற்றபடி பல்லக்குத் தூக்கிகள் ஒரு குலுங்கு குலுங்கினார்கள். இன்னொரு இடி, இன்னொரு குலுங்கல். கூட்டம் வெறிபிடித்துக் கத்தியது. லியாவ் தலைவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, முனகியபடி ஆ-துன்னின் லாரி மேடைப் படியில் ஏறி, தூணில் சிவப்புத் துணியை இரண்டு முடிச்சாக இறுக்கினார்.

திரைக்குள் இருந்தவன் எதையும் பார்க்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தான். பீ-யுன் மேடைப் பலகையை இரண்டு கையாலும் தட்டினாள்.

"போதும் நிறுத்துடா! வெளிய பாரு!"

வியர்வை வழிய, கையில் வீரனோடு ஆ-துன் திரையிலிருந்து தலையை நீட்டினான். அவன் பார்ப்பதற்கு முன் வீரனே துணியைப் பார்த்துவிட்டான். ஒரு துள்ளு துள்ளி, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.