யாருடைய வீடு என்று கேட்கும் டெம்ப்ளேட்

என் அக்கா, ராத்தா, கையெழுத்து வைக்கமுன் ஒப்பந்தத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். அவளுடைய கூரையில் சோலார் தகடு போடுவதற்கான ஒப்பந்தம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘வீட்டு உரிமையாளர்’ என்ற இடத்தில் கட்டாரில் இருக்கும் அவளுடைய கணவர், மச்சானின் பெயர் தடித்த எழுத்தில் கிடந்தது.

அந்த எழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கல்முனையில் வீட்டிலிருந்தபடியே நான் புரோகிராமராக வேலை செய்யும் கொழும்புக் கம்பெனியின் எடிட்டர் மென்பொருளில் அடித்தது அது. அதை வாங்கும் கடைக்காரர்கள் டெம்ப்ளேட் என்ற மாதிரிப் படிவம் ஒன்றை எழுதிவைத்தால் போதும். வாடிக்கையாளரைத் தெரிவுசெய்ததும் பெயர், முகவரி எல்லாம் அந்தந்த இடத்தில் தானாக வந்து உட்காரும். நிபந்தனையும் போடலாம். வாடிக்கையாளர் மணமான பெண் என்றால் உரிமையாளர் இடத்துக்குக் கணவரின் பெயரை எடு என்று கொழும்பில் யாரோ ஒரு புண்ணியவான் போட்டுவைத்திருந்தார்.

எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. மகள் பிறந்தால் அவளுக்கு வீடு கட்டக் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். இதைக் கொழும்புக்கு யார் சொல்வது? நான்தான் சொன்னேன்.

"அது பெரிய விசயமில்ல மிஸ். கடைக்காரர் அழிச்சிட்டு டைப் பண்ணலாம்தானே" என்றார் எங்கள் மேனேஜர்.

"தடிச்ச எழுத்தில வந்த பேர ஒருத்தரும் அழிக்கமாட்டாங்க சேர். கம்ப்யூட்டர் சொன்னா சரி எண்டு கையெழுத்து வெச்சிடுவாங்க."

"ஒரு ஊருக்காக மாத்த ஏலாது."

"அப்ப என்ட ஊரிலயிருந்து தொடங்குவம்" என்று போனை வைத்தேன். ராத்தாவிடம், தகடு பிந்தினாலும் பரவாயில்லை, கையெழுத்து வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "கரண்ட் பில் ஏறுதுகா" என்று புறுபுறுத்தாள்.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உம்மா. சுனாமியில் உம்மாவின் சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. மாற்று வீடு தந்தபோது, குடும்பத் தலைவர் என்று வாப்பாவின் பெயரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதினார்கள். வாப்பா நல்ல மனிதர். ராத்தாவின் கலியாணத்தில் முகம் சுளிக்காமல் அந்த வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்தார். ஆனால் தன் வீட்டைத் தன் மகளுக்குக் கொடுக்க, வாப்பா கையெழுத்து வைத்து முடிக்கும்வரை உம்மா ஓரமாக நின்றுகொண்டிருந்தா. அதே வீட்டில் இன்னொரு தடவை அது நடக்க நான் விடுவதாக இல்லை.

மேனேஜர் மாற்றித் தரும்வரை காத்திருக்காமல் நானே எழுதினேன். உரிமையாளருக்குத் தனி இடம் வைத்தேன். அது வெறுமையாக இருந்தால் எடிட்டர் தானாக ஒரு பெயரை ஊகிக்காது. ‘இது யாருடைய வீடு?’ என்று கேட்டு நிற்கும். பதில் வரும்வரை ஒப்பந்தம் அச்சுக்குப் போகாது. செய்து காட்டிவிட்டு, "உறுதியில ஒரு பேர், ஒப்பந்தத்தில இன்னொரு பேர் எண்டா நாளைக்கு வழக்குக்கு ஆர் போறது சேர்?" என்று கேட்டேன். அவர் தானே ஒரு தடவை அச்சுக் கொடுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, போடுங்க" என்றார்.

அடுத்த வாரம் சோலார் கடைக்காரர் மடிக்கணினியோடு ராத்தா வீட்டுக்கு வந்தார். நானும் உம்மாவும் அங்கே இருந்தோம். அவர் தட்டிப் பார்த்தார், அச்சுக்குப் போகவில்லை.

"என்ன மிஸ் இது, யார்ட வீடு எண்டு கேக்கிது?"

"கேக்கட்டும். நீங்களும் கேளுங்க" என்றேன்.

அவர் ராத்தாவைப் பார்த்தார். "என்ட வீடு" என்றாள் ராத்தா. வீடியோ அழைப்பில் இருந்த மச்சான், "அப்ப நான் ஆரு?" என்று சிரித்தார். கடைக்காரர் ராத்தாவின் பெயரை அடித்தார். தடித்த எழுத்தில் வந்தது.

உம்மா அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தா.

"அண்டைக்கு என்னட்ட ஒருத்தரும் இப்பிடிக் கேக்கல்ல" என்றா.